ஆறு எச்சரிக்கைகள் காணவில்லை

அத்தியாயம் 5

"மேடம், அம்பத்தஞ்சுதான் இருக்கு. ஆறு வார்னிங்கைக் காணோம்!"

லியோ இதைக் கிட்டத்தட்டக் கத்தியே சொன்னான். அடுத்தவர் பொருள் காணாமல் போனதற்கு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனால் காலையிலிருந்து ஏசி அறையில் உட்கார்ந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைத் தெரியாதவன்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, துப்பு என்று ஒன்று கையில் விழுந்தால் குரல் உயரத்தான் செய்யும்.

எதிரே நாற்காலியில் விஜயம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டபின் கீழவாசலில் ஒரு காப்பித்தூள் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். அது இரண்டாயிரமாவது வருஷம். தஞ்சாவூரில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் கலிபோர்னியாவில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தவன் அங்கே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறானா, கம்ப்யூட்டர் இருக்கிற கட்டடத்தில் வேலை பார்க்கிறானா என்று விசாரித்துச் சொல்வதுதான் விஜயத்துக்குப் பிழைப்பு. லியோ அவளுக்கு உதவியாள். முப்பத்து மூன்று வயது. ரயிலடியில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி, இருநூறு பேருக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவன். அதில் முப்பது பேர் விமானம் ஏறினார்கள், சென்டர் மூடப்பட்டது, லியோ தரையிலேயே நின்றான். அவனுக்குப் பொறாமை உண்டு. அதை அவன் ஒளித்ததும் இல்லை.

இப்போது அவர்கள் உட்கார்ந்திருந்தது மெடிக்கல் காலேஜ் சாலையில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த அரிசில் சிஸ்டம்ஸ் கம்பெனியில். முதலாளி வெங்கடகிருஷ்ணன் நியூஜெர்சியில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, பரம்பரை நிலத்தில் மிச்சமிருந்ததை விற்றுக் கம்பெனி ஆரம்பித்தவர். நெல்லின் ஈரப்பதம் பார்க்கிற மெஷினைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் புரோகிராம் எழுதுவதுதான் அவர் தொழில். மெஷின் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. பேச்சு மட்டும் தஞ்சாவூருடையது.

அந்தப் பேச்சில்தான் வம்பு. அம்மாபேட்டை சாலையில் பஞ்சநதம் என்பவரின் ரைஸ் மில்லில் சோதனைக்காக ஒரு மெஷினை வைத்திருந்தார்கள். ஈரம் பதினேழு சதவீதத்துக்குக் கீழே இருக்கிற நெல்லைத்தான் கிடங்குக்குள் விடுவது என்று ஏற்பாடு. குறுவை அறுவடை மழையோடு மழையாக நடந்தது. மெஷின் "சரி" என்று சொன்ன நெல் கிடங்குக்குள் போய், மூட்டைக்குள்ளேயே சூடேறி, முந்நூறு மூட்டை முளைவிட்டுவிட்டது. மெஷினை இயக்கிய யூனுஸ் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஈர நெல்லை உள்ளே விட்டான் என்பது பஞ்சநதத்தின் முடிவு. இன்று மாலை ஐந்து மணிக்குப் போலீஸில் புகார். யூனுஸுக்கோ சனிக்கிழமை குவைத்துக்கு விமானம். புகார் பதிவாகிவிட்டால் விமானமும் இல்லை, வேலையும் இல்லை. திருடன் என்கிற பட்டம் மட்டும் உள்ளூரிலேயே தங்கிவிடும்.

"எங்க மேல தப்பு இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் கொடுத்துட்டா போதும், மேடம்," என்றார் வெங்கடகிருஷ்ணன். "மெஷின் அடிச்சுக் கொடுத்த நாப்பத்தொரு சீட்டுல ஒரே நம்பர். பதினஞ்சு புள்ளி ஒண்ணு. மெஷின் அப்படியா காட்டும்? அவன்தான் ஏதோ பண்ணியிருக்கான்."

"லஞ்சம் வாங்குறவன் ஒரே நம்பரை இத்தனை தடவையா போடுவான்?" என்றாள் விஜயம். "நம்ம ஊர்ல திருடுறவனுக்கு அந்த அளவுக்காவது புத்தி இருக்கும்."

"எங்க புரோகிராம்ல ஒரு வார்னிங்கூடக் கிடையாது. பாருங்க."

சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் தொங்கியது. "எச்சரிக்கைகள்: பூஜ்யம்" என்று ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். சான்றிதழுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தது.

"வார்னிங்னா என்ன லியோ?" என்று விஜயம் கேட்டாள்.

"நாம எழுதுறதை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் கொடுக்குற ஒரு புரோகிராம் இருக்கு மேடம், கம்பைலர்னு. பெரிய தப்புன்னா நின்னுடும். சந்தேகம்னா முணுமுணுத்துட்டு வேலையைப் பண்ணிடும். அந்த முணுமுணுப்புதான் வார்னிங். எங்க வீட்டுக்காரி மாதிரி."

"உங்க வீட்ல அவ சொன்னது எத்தனை தடவை தப்பாப் போயிருக்கு?"

லியோ சுவரில் இருந்த சான்றிதழைப் படிக்க ஆரம்பித்தான்.

"இது சும்மா சும்மா சொல்லும் மேடம்," என்று வெங்கடகிருஷ்ணன் குறுக்கிட்டார். "பதினொண்ணுல பத்து பொய் வார்னிங். ஆனா வாங்குறவங்களுக்கு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அதனால ஒவ்வொண்ணையும் விசாரிச்சு, பொய்யின்னு முடிவு பண்ணி, வாயை அடைச்சு, பதிவு பண்ணி வச்சிருக்கோம்."

"அந்தப் பதினொண்ணாவது?"

வெங்கடகிருஷ்ணன் தண்ணீர் குடித்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து நீல காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பொய் எச்சரிக்கைப் பதிவேடு. வரிசை எண், தேதி, கம்பைலர் சொன்னது, உண்மையா பொய்யா, செய்த பரிகாரம், கையெழுத்து என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்கு வைத்திருக்கிற நோட்டே இதனிடம் தோற்றது. உண்மையா பொய்யா என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை "பொய், பொய், பொய்" என்று ஒரே வார்த்தை.

"அமெரிக்காவுலகூட இப்படி ஒரு ரிஜிஸ்தர் கிடையாது," என்றார் அவர் பெருமையாக. "நம்பரை மட்டும் முன்கூட்டியே நானே சிவப்பு மையில போட்டு வச்சிருவேன். நடுவுல யாரும் எதையும் சொருகக் கூடாது பாருங்க. மத்ததெல்லாம் ஜாஸ்லின்னு ஒரு பொண்ணு எழுதினா. டிரைவரை எழுதினதும் அவதான்."

கடைசி எண் அறுபத்தொன்று. லியோ பக்கத்துக்கு இத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தான். மறுபடியும் எண்ணினான். ஐம்பத்தைந்துதான் வந்தது. அப்போது கத்தியதுதான் முதலில் சொன்னது.

வெங்கடகிருஷ்ணன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "கிழிச்சிட்டாளா? திங்கக்கிழமை திடீர்னு வேலையை விட்டுட்டுப் போனப்பவே நெனச்சேன்!"

லியோ கம்ப்யூட்டரில் டிரைவர் புரோகிராமைத் திறக்கச் சொன்னான். தலைப்பில் ஜாஸ்லின் பெயர் இருந்தது. தேடிப் பிடித்ததில் ஓர் இடத்தில், "ஈரம்" என்ற பெயருக்கு எதிரே 151 என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. புரோகிராம் எண்ணைப் புள்ளி இல்லாமல்தான் வைத்திருக்கும். 151 என்றால் பதினைந்து புள்ளி ஒன்று.

"பிடிச்சாச்சு," என்றான் லியோ. "ஈரம் பாக்குறதுக்கு முன்னாடியே பதிலை எழுதி வச்சிருக்காங்க. யூனுஸும் இந்தப் பொண்ணும் கூட்டா?"

"ரிஜிஸ்தரை ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?" என்று விஜயம் வெங்கடகிருஷ்ணனைக் கேட்டாள்.

"தாராளமா!" என்றார் அவர். மறைக்க எதுவும் இல்லாத மனிதரின் தாராளம் அது. தான் செய்தது தப்பு என்றே தெரியாதவரிடமும் அதே தாராளம் இருக்கும் என்பது லியோவுக்கு அப்போது தோன்றவில்லை.

பூக்காரத் தெருவில் ஜாஸ்லின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. அண்ணன் சகாயராஜுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று வாசலிலேயே வாழைமரம் சாய்த்து வைத்திருந்தது. உள்ளே கூடத்தில் அம்மா அமலி, பெண் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய தட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பத்துதான் ஆகுது. பத்தோட எப்படி நிறுத்துறது? தம்பி, எதுத்த வீட்டுல ஒரு தட்டு கேட்டு வாங்கிட்டு வாங்களேன்," என்றாள், வந்தவன் யார் என்றுகூடக் கேட்காமல்.

லியோ எதிர்வீட்டில் தட்டு வாங்கி வந்தான். அதில் ஆரஞ்சுப்பழத்தையும் அவனே அடுக்கினான். துப்பறிவாளனின் கண் அந்தத் தட்டிலேயே நின்றுவிட்டது. பத்தோடு நிறுத்தக் கூடாது. ஒன்று கூட்ட வேண்டும். நூற்றைம்பதோடு ஒன்று கூட்டினால்?

அவன் விஜயத்துக்குக் கண்ணைக் காட்டினான். அவள் கவனிக்கவில்லை. ஜாஸ்லினோடு பேசிக்கொண்டிருந்தாள். ஜாஸ்லினுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வருகிற திங்கட்கிழமை பெங்களூரில் வேலைக்குச் சேரவேண்டும். பெட்டி பாதி கட்டியிருந்தது.

"நான் ஏன் மேடம் கிழிக்கணும்? அந்த நோட்டைத் தொடவே எனக்குப் பிடிக்காது. தெனம் சாயங்காலம் உக்காந்து பொய், பொய்யின்னு எழுதணும். சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போறப்ப சாமியார்கிட்ட இதையும் சொல்லலாமான்னுகூட யோசிச்சிருக்கேன்."

"எல்லாமே பொய்தானே?"

"முக்கால்வாசி பொய்தான். நாப்பத்தொண்ணாம் நம்பர் மட்டும் நிச்சயமா உண்மை." அவள் குரல் மாறியது. "ஈரம்னு ஒரு இடம் மேடம். நெல்லை அளந்துட்டு சென்சார் ஒரு நம்பர் சொல்லும். அது அந்த இடத்துல வந்து உக்காரும். சென்சார் பதிலே சொல்லலேன்னா? அந்த இடத்துல என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது. கம்பைலர் அதைத்தான் கேட்டுச்சு. நானும் சார்கிட்ட அதைத்தான் கேட்டேன். 'சென்சார் பதில் சொல்லாம எங்க போயிடும்? நம்ம ஆபீஸ்ல ஒரு தடவையாவது போயிருக்கா? ஆறு மணிக்குள்ள வார்னிங் பூஜ்யம் ஆகணும்'னார்."

"நீ என்ன பண்ணினே?"

"வாயை அடைச்சேன்," என்றாள் ஜாஸ்லின். "என் பங்கும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா பூஜ்யம் போட்டுத்தான் அடைச்சேன். சென்சார் பேசலேன்னா மெஷின் பூஜ்யம்னு காட்டும். ஈரமே இல்லாத நெல்லு உலகத்துல உண்டா? பாக்குறவன் சிரிச்சிட்டு மறுபடியும் அளப்பான்னு நெனச்சேன்."

"பூஜ்யமா? 151 இல்ல?" என்றான் லியோ.

"அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"உன் பேருதான் இருக்கு."

"என் பேரு எல்லாத்துலயும் இருக்கும். அதுக்குத்தானே சம்பளம்."

அவள் அழவில்லை. ஆனால் யூனுஸுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். விஜயம் "சாயங்காலம் புகார்" என்று சொன்னதும், பெட்டியை மூடிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நானும் வர்றேன்," என்றாள்.

"வேணாம்மா. உங்க வீட்ல விசேஷம் இருக்கு. ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, போதும்."

தெருவுக்கு வந்ததும் லியோ பொறுக்கமாட்டாமல் கொட்டிவிட்டான். "கேஸ் முடிஞ்சுது மேடம். பத்துத் தட்டு வைக்க மாட்டாங்க, பதினொண்ணு வைப்பாங்க. அந்த வீட்டுப் பொண்ணு நூத்தம்பதுன்னு எழுதுமா? ஒண்ணு கூட்டி நூத்தம்பத்தொண்ணு! அம்மா தட்டை எண்ணினப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு."

"ரொம்ப அழகா இருக்கு லியோ. அதான் எனக்குப் பயமா இருக்கு." விஜயம் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஜெராக்ஸ் தாள்களை விரித்தாள். "பரிகாரம்னு ஒரு கட்டம் இருக்கே, படிச்சியா?"

லியோ படித்தான். ஜாஸ்லினின் உருண்டைக் கையெழுத்து. பத்தொன்பது இடத்தில், "0 போட்டு அடைத்தேன்" என்று எழுதியிருந்தது. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரேயும் அதேதான்.

"தட்டை எண்ணினது அம்மா. பொண்ணுக்குப் பூஜ்யத்தோட எந்த விரோதமும் இல்ல. கை கூசாம பத்தொம்பது தடவை போட்டிருக்கா."

"அப்போ கிழிச்ச ஆறு?"

விஜயம் வரிசை எண்களின் மேல் விரலை மெல்ல ஓட்டினாள். முதல் தாளின் பாதியில் விரல் நின்றது. இரண்டாம் தாளில் நின்றது. பிறகு நிற்கவே இல்லை, கடகடவென்று கடைசிவரை ஓடியது. அவள் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் லியோவுக்கு எப்போதுமே வயிற்றெரிச்சல், அவனுக்குப் புரியாத ஒன்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

"வண்டியை எடு. மில்லுக்குப் போகணும்."

"என்னன்னு சொல்லுங்களேன்."

"எண்ணத் தெரியுற உனக்குப் படிக்கத் தெரியல," என்றாள் அவள், பின்சீட்டில் ஏறியபடி.

மில்லுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலேகால். களத்தில் தார்ப்பாய்க்கு மேல் முளைவிட்ட நெல்லைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் குருத்து எட்டிப் பார்த்தது. நாற்றங்காலில் இருந்திருந்தால் ஊரே மெச்சியிருக்கும். லோடுமேன்கள், நெல் தூற்றுகிற பெண்கள், லாரி டிரைவர்கள் என்று முப்பது பேர் வேலை செய்வதுபோல நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

யூனுஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பாஸ்போர்ட் அதற்குள் இருக்கிறது என்பது அவன் அதைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. வெங்கடகிருஷ்ணனும் வந்திருந்தார். புகாரை அவரே டைப் செய்து, நான்கு பிரதி எடுத்து, மேலே ஒன்று சேர்த்து ஐந்தாகக் கொண்டுவந்திருந்தார்.

"எந்த நேரத்துல இந்த பதினஞ்சு புள்ளி ஒண்ணு வரும், தம்பி?" என்று விஜயம் யூனுஸிடம் கேட்டாள்.

"ரெண்டு மணிக்குக் கரண்ட் போகுங்க. கம்ப்யூட்டர் பேட்டரியில ஓடிக்கிட்டே இருக்கும். ஜெனரேட்டர் போட்டாலும் சென்சார் மட்டும் சூடாக அரைமணி ஆகும். அந்த நேரத்துல வர்ற வண்டிக்கெல்லாம் இதே நம்பர்தாங்க. கையில அள்ளினா ஈரம் ஒட்டுது, மெஷின் சரிங்குது. மொதலாளிட்ட சொன்னேன். ஒரு தடவை இல்ல, தெனம் சொன்னேன்."

"ரெண்டு மணிக்கு நான் சாப்ட்டுட்டுப் படுத்திருப்பேன்," என்று பஞ்சநதம் உறுமினார். ஆறடி மனிதர். கழுத்தில் ஈரத்துண்டு. "அப்ப வந்து மெஷின் பொய் சொல்லுதுங்கிறான். அவரு சான்றிதழ் காட்டுறாரு, ஒரு வார்னிங்கூட இல்லைன்னு. இவன் யாரு மெஷினைக் குத்தம் சொல்ல? நான் தூங்குற நேரமாப் பாத்து ஈர நெல்லை விட்டிருக்கான்."

விஜயம் அதற்கு ஒன்றும் சொல்லாமல் புகாரின் ஒரு பிரதியை வாங்கிப் படித்தாள். "லியோ, அந்தக் கம்பியில குத்தியிருக்கிற பதினஞ்சு புள்ளி ஒண்ணு சீட்டை எண்ணு."

லியோ எண்ணினான். "நாப்பது. மேடம், புகார்ல நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. ஒண்ணைக் காணோம்!"

"காணோமாவது? நான்தானே எண்ணிச் சொன்னேன், நாப்பதுன்னு," என்றார் பஞ்சநதம். வெங்கடகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "இல்லாத சீட்டை எதுக்குய்யா எழுதினீங்க?"

"சும்மா... ஒரு இதுக்கு..."

"போலீஸ்ல கொடுக்குற காகிதத்துல சும்மாவா? ஒருத்தனை உள்ள தள்ளுற விஷயம் இது!"

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பதுன்னு முடிக்க மனசு வரலீங்க. நல்ல காரியமோ கெட்ட காரியமோ, பூஜ்யத்துல முடிச்சா விளங்காது. எங்க வீட்டு வழக்கம்."

"அதேதான்!" என்றாள் விஜயம். கைப்பையிலிருந்து ஜெராக்ஸ் தாள்களை எடுத்தாள். "லியோ, இப்ப எண்ணாதே. சிவப்பு நம்பரைச் சத்தமாப் படி."

"ஏழு, எட்டு, ஒம்பது, பதினொண்ணு..." லியோ நிறுத்தினான். தாளைப் புரட்டினான். "பத்தொம்பது, இருபத்தொண்ணு... இருபத்தொம்பது, முப்பத்தொண்ணு..." அவன் காது சூடாயிற்று. காலையில் அறை அதிரக் கத்தியது நினைவுக்கு வந்தது.

"பத்து, இருபது, முப்பது, நாப்பது, அம்பது, அறுபது. இந்த ஆறு வார்னிங்கையும் யாரும் கிழிக்கல. இதுங்க பொறக்கவே இல்ல. நம்பர் போட்டது யாரு சார்?"

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு போட்ட பூஜ்யத்தையும் நீங்கதானே மாத்தினீங்க?"

அவர் கெட்டவர் அல்ல. எரிச்சலே அதில்தான். கெட்டவராக இருந்தால் மறுத்திருப்பார், இரண்டு அத்தியாயம் அலைய விட்டிருப்பார். இவர் உடனே ஒப்புக்கொண்டுவிட்டார், அதுவும் தன் பக்கம் நியாயம் இருப்பதுபோல.

"வாங்க வந்த வெளிநாட்டுக்காரங்க இங்க மில்லுல நின்னாங்க மேடம். அந்த நேரம் பாத்துக் கரண்ட் போய், திரையில பூஜ்யம்னு வந்துடுச்சு. முதல் முதல்ல ஒருத்தர் பாக்குறப்ப பூஜ்யமா காட்டுறது? எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு. ராத்திரியே மாத்தினேன். நடுத்தரமா, யாருக்கும் உறுத்தாத நம்பரா நூத்தம்பதுன்னு போட்டேன். அதுவும் பூஜ்யத்துல முடியுது. ஒண்ணு சேத்தேன். அது பொய் வார்னிங்தானேன்னு..."

"அளக்குறதுக்கு முன்னாடியே பலன் சொல்லியிருக்கீங்க சார்," என்றான் லியோ. "நெல்லுக்கு ஜாதகமே கணிச்சிட்டீங்க."

"வார்னிங் பூஜ்யம் வேணும். ஆனா பூஜ்யம் வேணாம்," என்றாள் விஜயம். "நடுவுல இந்தப் பையன்."

பஞ்சநதத்துக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைக் கண்ணால் பார்க்க விரும்பினார். யூனுஸ் எழுந்து சென்சாரின் மின்கம்பியை மட்டும் பிடுங்கினான். பஞ்சநதம் கழுத்திலிருந்த ஈரத்துண்டை உருவி, நெல் போடுகிற கிண்ணத்தில் திணித்தார். பொத்தானை அவரே அழுத்தினார். திரை கொஞ்சம் யோசித்துவிட்டு 15.1 என்றது. கூடவே சீட்டையும் அடித்துக் கொடுத்தது: அனுமதிக்கலாம்.

"துண்டை அரைச்சா நல்ல பொன்னி வரும் போலிருக்கே," என்றான் லியோ.

களத்தில் சிலர் சிரித்தார்கள். பஞ்சநதம் சிரிக்கவில்லை. துண்டை வெளியே எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. அவர் ஐந்து பிரதிப் புகாரையும் வாங்கி ஒன்றாக மடித்துக் கிழித்தார். வெங்கடகிருஷ்ணனைப் பார்த்து, "முந்நூறு மூட்டையைப் பத்தி நாம தனியாப் பேசுவோம்," என்றார். வெங்கடகிருஷ்ணன் காரை நோக்கி நடந்தார். ஜாஸ்லின் எழுதிக் கொடுத்த இரண்டு வரியை விஜயம் அவர் கையில் கொடுத்தாள். 'நாற்பத்தொன்று உண்மை வார்னிங். சார் சொல்லித்தான் அடைத்தேன்' என்று இருந்ததை அவர் அங்கேயே நின்று படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

பஞ்சநதம் யூனுஸின் பக்கம் வந்தார். தோளில் கை வைத்துத் தணிந்த குரலில், "சரிடா, மனசுல வச்சுக்காதே. நல்லபடியாப் போய்ட்டு வா," என்றார்.

யூனுஸ் நகரவில்லை. பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"திங்கக்கிழமை எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொன்னீங்க மொதலாளி. இந்தக் களத்துல கூப்ட்டு நிக்கவச்சுச் சொன்னீங்க, நான் திருடன்னு. எங்கம்மா கமருன்னிஸா அஞ்சு கிலோமீட்டர் தாண்டி இருக்காங்க. அன்னிக்குச் சாயங்காலமே அவங்க காதுக்கு வந்துடுச்சு."

"அதான் புகாரைக் கிழிச்சுட்டேனே."

"கிழிச்சது இங்க நிக்கிறவங்களுக்குத் தெரியும். என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாது. சொல்லுங்க மொதலாளி. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

பஞ்சநதம் சுற்றிலும் பார்த்தார். முப்பது பேரும் இப்போது வேலை செய்வதுபோல நடிக்கக்கூட இல்லை. பரம்பரை பரம்பரையாக அடுத்தவரைச் சத்தம் போட்டே பழகிய தொண்டை. தப்பு என்று சொல்ல வேண்டி வந்ததும் அதில் கரகரப்பு ஏறிக்கொண்டது. அவர் கனைத்தார்.

"யூனுஸ் தப்பு பண்ணல," என்றார்.

"தூத்துற பொம்பளைங்களுக்குக் கேக்கல மொதலாளி."

கிண்டலாகச் சொல்ல லியோவுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. அவனுக்கு அடிக்கடி நிகழ்கிற விஷயம் அல்ல அது. கிடைக்காததே நல்லது என்று பட்டது.

"யூனுஸ் திருடன் இல்ல. நான்தான் அவன் சொன்னதைக் காதுல வாங்கல!"

"லாரிக்காரங்களுக்கும் கேக்கணும்."

மூன்றாவது தடவை பஞ்சநதம் போட்ட சத்தத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யூனுஸ் எல்லோர் முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். சட்டையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு, சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான்.

"வர்றேன் மொதலாளி. அம்மாகிட்ட முதல்ல நான் போய்ச் சொல்லணும்," என்றான்.